வானூர்தியிற் பிறந்த மரபுத்தொடர்கள்

ஆங்கில இலக்கணத்தை ஊரிலே திறம்படக் கற்றுவந்த எம்மவர்களும் வேலைத்தலத்திலே திகைத்து நிற்கும் கணங்கள் உண்டு. ‘இந்த விடயத்தில் நாம் ஃபிளையிங் பிளைண்ட்’ என்கிறார் மேற்பார்வையாளர். குருடாகப் பறப்பவர் யார், எங்கே பறக்கிறார் என்பது விளங்குவதில்லை. பிள்ளை ‘ஃபிளையிங் கலர்ஸ்’ உடன் தேறிவிட்டான் என்று பாடசாலை ஆசிரியை எழுதியனுப்புகிறார். நிறங்கள் எப்படிப் பறக்கும் என்று தாயார் பிள்ளையையே கேட்கவேண்டியிருக்கிறது. பிள்ளைகளோ இத்தொடர்களை விளையாட்டு மைதானத்திலேயே பொறுக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆயினும், ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியாது.

பறத்தலோடு தொடர்புடைய ஆங்கில மரபுத்தொடர்கள் சிலவற்றின் வரலாற்றை இங்கே நோக்குவோம். வேடிக்கைச் சொற்கள் போலத் தோன்றும் இவற்றுட் பல, மரணத்துக்கு மிக அருகில் இருந்தவர்களின் வாயிற் பிறந்தவை. அச்சத்தை அச்சம் என்று சொல்ல விரும்பாத இளைஞர்கள் அதற்கு இட்ட மாற்றுப் பெயர்களே இன்று அலுவலகங்களிலும் தொலைக்காட்சிச் செய்திகளிலும் உலாவருகின்றன.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிவிடவேண்டும். பறத்தல் என்ற சொல் வருவதனால் மட்டும் ஒரு தொடர் விமானத்தோடு தொடர்புடையதாகிவிடாது. ‘ஃபிளையிங் கலர்ஸ்’ விமானத்துக்கு மிக முந்தியது. கலர்ஸ் என்பது இங்கே நிறத்தைக் குறிக்கவில்லை. கப்பலின் கொடியைக் குறிக்கிறது. போரில் தோற்ற கப்பல் கொடியை இறக்கும், வென்ற கப்பல் கொடி பறக்கத் துறைமுகம் திரும்பும். நாம் ‘கொடிகட்டிப் பறக்கிறான்’ என்று சொல்வதும் ஏறக்குறைய இதுவே. ஆகவே, ஆசிரியையின் கடிதத்துக்குப் பொருள் தேட அகராதி வேண்டியதில்லை. எமது மொழியிலேயே விடை இருக்கிறது. ‘ஃபிளை ஓஃப் த ஹாண்டில்’ என்பது திடீரெனச் சினம் தலைக்கேறுவதைக் குறிக்கும். இது காட்டிலே மரம் வெட்டியவர்களின் சொல். பிடி தளர்ந்த கோடரியின் இரும்பு கழன்று பறந்தால் அது யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த எழுத்தாளர் தோமஸ் ஹலிபர்ட்டன் 1840களில் எழுதிய நூலில் இத்தொடரைக் காணலாம்.

‘ஃபிளை பை நைட்’ என்பதோ இன்னும் சுவையானது. நம்பத்தகாத வணிகரை, இன்று கடை திறந்து நாளை காணாமற் போகிறவரை இப்படிச் சொல்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இது சூனியக்காரி என்ற பொருளில் மூதாட்டிகளை இழித்துரைக்கும் வசையாக இருந்தது. பின்னர், வாடகை கொடுக்காமல் இரவோடிரவாக வீட்டைக் காலிசெய்தவரைக் குறித்தது. இங்கே ‘ஃபிளை’ என்பது பறத்தலன்று, தப்பியோடுதல். பழைய ஆங்கிலத்திலே பறத்தலைக் குறித்த வினையும் தப்பியோடுதலைக் குறித்த வினையும் வெவ்வேறானவை. வடிவில் நெருங்கியிருந்தமையால் அவை அக்காலத்திலேயே ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கின. இரண்டின் பெயர்ச்சொற்களும் இன்று ‘ஃபிளைட்’ என்ற ஒரே உருவில் நிற்கின்றன. விமான நிலையத்து அறிவிப்புப் பலகையில் எழுதப்படுவதும் அச்சொல்லே. உயிருக்கஞ்சி நாட்டைவிட்டு ஓடுதலைக் குறிப்பதும் அச்சொல்லே. இரண்டையும் ஒரே இரவிற் செய்தவர்கள் எமது வாசகர்களிற் பலர் ஆதலால், இதனை இவ்விடத்திற் குறித்துவைக்கிறோம்.

இனி விமானத்துக்கு வருவோம். ரைட் சகோதரர்கள் 1903 ஆம் ஆண்டு டிசம்பர் 17 ஆம் திகதி அமெரிக்காவின் வட கரோலைனாக் கடற்கரையில் முதன்முதலாகப் பறந்தபோது, அப்பறப்பு 12 வினாடிகளே நீடித்தது. கடந்த தூரம் 120 அடி. அடுத்த பத்தாண்டுகளில் விமானத்தில் ஏறியவர்கள் ஒரு புதுவகைச் சாவைக் கண்டார்கள். விமானத்தின் வேகம் குறைந்து, இறக்கையின் மேல் காற்று வழுவாமல் ஓடுவது நின்றுவிட்டால், இறக்கை தாங்கும் வலுவை இழக்கிறது. ஒரு பக்கத்து இறக்கை மற்றையதிலும் பார்க்கக் கூடுதலாக இழந்தால், விமானம் அப்பக்கம் சாய்ந்து, மூக்கு நிலத்தை நோக்க, பம்பரம் போலச் சுழன்று விழும். இதுவே ‘டெயில்ஸ்பின்’. விழும் விமானத்தின் மூக்கை உயர்த்துவதற்காகக் கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுக்கவே எந்த மனிதனின் கையும் துடிக்கும். அந்த இழுப்புத்தான் அவனைக் கொன்றது. இழுக்க இழுக்க, இழந்த வலு மீளாது, சுழற்சியும் நிற்காது.

1912 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25 ஆம் திகதி இங்கிலாந்தின் சோல்ஸ்பரிச் சமவெளியில் இராணுவ விமானச் சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. கடற்படை அதிகாரியான வில்பிரட் பார்க் செலுத்திய அவ்ரோ விமானம் பலர் பார்த்திருக்கச் சுழன்று விழத் தொடங்கியது. அவர் முதலில் அக்காலத்து அறிவுரைப்படி தண்டை இழுத்தார், சுக்கானைச் சுழலும் பக்கமே திருப்பினார், பயனில்லை. நிலம் நெருங்கிவிட்ட கடைசிக் கணத்தில் சுக்கானை எதிர்ப்புறமாக முழுவதும் மிதித்தார். சுழற்சி நின்றது. தரையிலிருந்து சுமார் 50 அடி உயரத்தில் விமானம் நிமிர்ந்து பறந்தது. கீழிறங்கியவுடன், தான் என்ன செய்தார் என்பதை அவர் நிபுணர்களிடம் ஒன்றுவிடாமல் எடுத்துரைத்தார். அந்த விவரம் அச்சேறிப் பலருக்கும் பயன்பட்டது. அவருக்கோ நீண்ட ஆயுள் வாய்க்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு விமான விபத்தில் அவர் இறந்தார்.

சுழற்சியின் இயக்கவியலை முறைப்படி ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர் பிரெடரிக் லின்டமன் என்ற பௌதிகவியலாளர். பின்னாளில் சேர்ச்சிலின் விஞ்ஞான ஆலோசகராக விளங்கியவர் இவரே. முதலாம் உலகப் போர்க் காலத்தில் பார்ன்பரோ விமானத் தொழிற்கூடத்திற் பணியாற்றியபோது, தாமே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, வேண்டுமென்றே விமானத்தைச் சுழலவிட்டு, விழும்போதே கருவிகளின் அளவுகளைக் குறித்துக்கொண்டார். இன்று ஒரு நாட்டின் பொருளாதாரம் சரிந்தாலும் ஒரு குடும்பம் நிலைகுலைந்தாலும் ‘டெயில்ஸ்பின்’ என்கிறார்கள். மீளமுடியாத வீழ்ச்சி என்ற தொனியில் அதனைச் சொல்வது சரியன்று என்பது எமது கருத்து. பார்க்கின் காலத்துக்குப் பின்னர் விமானிகள் அதிலிருந்து மீளப் பழகிக்கொண்டார்கள். உடல் எதைச் செய்யத் துடிக்கிறதோ அதற்கு மாறானதைச் செய்யவேண்டும், வித்தை அவ்வளவே.

உடல் சொல்வதை நம்பலாமா என்ற இந்தக் கேள்வியே இன்னும் இரண்டு தொடர்களைத் தந்தது. ‘ஃபிளையிங் பை த சீட் ஓஃப் யுவர் பாண்ட்ஸ்’ என்பதை எழுத்தெண்ணி மொழிபெயர்த்தால் காற்சட்டையின் பின்புறத்தால் பறத்தல் என்று வரும். எம்மவர் முகம் சுளிப்பார்கள். திட்டமோ கருவியோ இன்றி, அனுபவத்தையும் உள்ளுணர்வையும் நம்பிக் கருமமாற்றுவதே இதன் பொருள். ஆரம்பகால விமானங்களில் கருவிகள் மிகக் குறைவு. விமானம் சறுக்கினாலோ திரும்பினாலோ, ஆசனத்தில் அமர்ந்திருப்பவனின் உடல் ஒரு பக்கம் தள்ளப்படும் அல்லது அழுத்தப்படும். அந்த அழுத்தத்தை உணர்ந்தே அவர்கள் பறந்தார்கள்.

விமானிகளின் வாயில் இருந்த இத்தொடர் 1938 ஆம் ஆண்டு அமெரிக்கப் பத்திரிகைகளில் அடிபட்டமைக்கு டக்ளஸ் கொறிகன் என்ற ஒரு விசித்திர மனிதர் காரணமானார். அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியே கடந்து பெரும் புகழ்பெற்ற லின்ட்பேர்க்கின் விமானத்தைக் கட்டிய தொழிலாளர்களுள் ஒருவர் இவர். தாமும் அச்சமுத்திரத்தைக் கடக்க வேண்டும் என்ற ஆசையால் 310 டொலருக்கு ஒரு பழைய விமானத்தை வாங்கித் தம் கையாலேயே திருத்தி அமைத்தார். அது கடல் கடக்கத் தகுதியற்றது என்று அதிகாரிகள் மீண்டும் மீண்டும் அனுமதி மறுத்தார்கள். 1938 ஜூலை 17 ஆம் திகதி அதிகாலை, கலிபோர்னியாவுக்குத் திரும்பிப் போவதாக எழுதிக்கொடுத்துவிட்டு நியூயோர்க்கிலிருந்து புறப்பட்டார். மேற்கே திரும்பவேண்டிய விமானம் கிழக்கே சென்று முகிலுக்குள் மறைந்தது. 28 மணி 13 நிமிடங்களின் பின்னர் அயர்லாந்தின் டப்ளின் நகருக்கருகே இறங்கியது.

அந்தப் பயணத்தை எண்ணிப்பார்க்கவே உடல் நடுங்குகிறது. மேலதிக எரிபொருட் தாங்கிகள் மறைத்தமையால் அவரால் நேர் முன்னே பார்க்க இயலாது. பக்கத்து யன்னல்கள் மட்டுமே. நடுக்கடலில் எரிபொருள் கசிந்து காலடியில் தேங்கத் தொடங்கியது. சூடான புகைக்குழாய் இருந்த பக்கத்துக்கு மறுபக்கமாக, திருப்புளியால் தரையில் துளையிட்டு அதனை வெளியேற்றினார். விசாரித்த அதிகாரிகளிடம் அவர் சொன்ன விளக்கம் ஒன்றே: திசைகாட்டியைத் தலைகீழாகப் படித்துவிட்டேன். அதை ஒருவரும் நம்பவில்லை, தண்டிக்கவும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவருடைய அனுமதிப்பத்திரத்தைப் 14 நாட்களுக்கு இடைநிறுத்தினார்கள். கப்பலில் அவர் நாடு திரும்புவதற்குள் அந்தக் கெடு முடிந்துவிட்டது. நியூயோர்க் பத்திரிகையொன்று அவரை வரவேற்கும் தலைப்பை வலமிருந்து இடமாக அச்சிட்டது. 1995 இல் இறக்கும்வரை கொறிகன் தம் விளக்கத்தை மாற்றவில்லை. அனுமதி மறுக்கப்பட்ட எல்லையை ஒரு தவறான திருப்பத்தால் கடந்த மனிதரை எமது வாசகர்கள் கடுமையாகத் தீர்ப்பிடமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

எனினும், உடலுணர்வு நம்பத்தக்கதன்று. நிலமும் அடிவானமும் கண்ணுக்குத் தெரியும்வரைதான் அது உண்மை சொல்லும். முகிலுக்குள் நுழைந்தவுடன் பொய் சொல்லத் தொடங்கிவிடும். எமது உட்காதிலே உள்ள நீர்மம் நிறைந்த வளைகுழாய்கள் திரும்பலின் தொடக்கத்தை உணருகின்றன. திரும்பல் ஒரே சீராகத் தொடர்ந்தால் அந்த நீர்மமும் கூடவே சுழன்று உணர்வு மறைந்துவிடுகிறது. விமானம் வட்டமிட்டுக் கீழிறங்கிக்கொண்டிருக்க, தான் நேரே பறப்பதாக விமானி சத்தியம் செய்வான். அதனைத் திருத்தி நேராக்கினால் மறுபக்கம் சாய்வது போன்ற உணர்வு உண்டாகும். மீண்டும் பழைய வட்டத்துக்கே திரும்புவான். விமானத் தபால் கொண்டுசென்ற இளைஞர்கள் இவ்வாறு மடிந்தார்கள்.

1929 ஆம் ஆண்டு செப்டெம்பர் 24 ஆம் திகதி நியூயோர்க்கின் மிச்சல் தளத்தில் ஜிம்மி டூலிட்டில் என்ற விமானி, வெளியுலகம் சற்றும் தெரியாதவாறு மூடப்பட்ட ஆசனத்திலிருந்து விமானத்தைக் கிளப்பி, வட்டமிட்டு, இறக்கிக் காட்டினார். செயற்கை அடிவானம், திசைகாட்டும் சுழலி, நுட்பமான உயரமானி, வானொலிச் சைகை என்பனவே அவருக்குத் துணை. ஆபத்து நேர்ந்தால் உதவ முன் ஆசனத்தில் இன்னொருவர் இருந்தார். அவருக்கு வேலை வரவில்லை. இதற்குத்தான் அன்று ‘பிளைண்ட் ஃபிளையிங்’, குருட்டுப் பறப்பு, என்று பெயர். கண்ணை நம்பாமல், கருவி தரும் தகவலை நம்பிப் பறப்பது. இன்றோ, எவ்வித தகவலுமின்றி முடிவெடுப்பதைக் குறிக்கவே அதே சொல் வழங்குகிறது. பொருள் முற்றாகத் தலைகீழாகிவிட்டது.

‘ஓன் ஓட்டோபைலட்’ என்ற தொடரையும் இங்கே சேர்க்கலாம். சிந்தனையின்றிப் பழக்கத்தால் வேலை செய்வது என்பது இதன் பொருள். இரவு வேலை முடித்துக் காலையில் இன்னொரு வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு விளக்கம் வேண்டாம். 1914 ஜூன் 18 ஆம் திகதி பாரிஸ் அருகே செயின் நதியின் மேலே லோரன்ஸ் ஸ்பெறி என்ற அமெரிக்க இளைஞர் தானியங்கிச் செலுத்தியைப் பொருத்திய விமானத்தில் இரு கைகளையும் உயர்த்திக் காட்டியபடி பறந்தார். அவருடைய உதவியாளர் இறக்கையின் மீது நடந்தார். விமானம் சாயவில்லை. கரையிலிருந்து பார்த்தவர்கள் ஆர்ப்பரித்தார்கள். சுழலியின் வலிமையை உலகுக்குக் காட்டிய ஸ்பெறி 1923 டிசம்பரில் ஆங்கிலக் கால்வாயில் விமானத்தோடு வீழ்ந்து இறந்தார்.

‘பெய்ல் அவுட்’ என்ற தொடரைச் செய்திகளில் அடிக்கடி கேட்கிறோம். 2008 இல் வங்கிகள் சரிந்தபோது அரசாங்கங்கள் பணம் கொட்டி அவற்றைக் காப்பாற்றியதை இச்சொல்லாலேயே குறித்தார்கள். விமானத்திலிருந்து பரசூட்டுடன் குதிப்பதும் இச்சொல்லே. மூலம் பற்றி அறிஞரிடையே ஒருமைப்பாடில்லை. ஓட்டைப் படகிலிருந்து நீர் இறைப்பதும் ‘பெய்ல்’. நீதிமன்றத்தில் கொடுக்கும் பிணையும் ‘பெய்ல்’. பொதியைக் குறிக்கும் வேறொரு சொல்லும் ஒலியில் இதுவே. பிரித்தானியர் பொதியின் எழுத்துக்கூட்டலையே விரும்பினார்கள். பொதி ஒன்றைக் கதவு வழியாகத் தள்ளிவிடுவதுபோல என்று விளக்கமும் சொன்னார்கள். எமக்கு இறைத்தலே பொருத்தமாகப் படுகிறது: மூழ்குவதைவிட்டுத் தப்பும் முயற்சி அல்லவா?

சொல்லின் மூலத்தைவிடச் செயலின் வரலாறு மனத்தை உறுத்துவது. முதலாம் உலகப் போரில் கண்காணிப்புப் பலூன்களில் இருந்தவர்களுக்குப் பரசூட் கொடுக்கப்பட்டது. ஜேர்மன் விமானிகளுக்கும் 1918 இல் அது கிடைத்தது. பிரித்தானிய விமானிகளுக்கோ போர் முடியும்வரை கொடுக்கப்படவில்லை. பாரம் அதிகம், இடம் போதாது என்பன காரணங்கள். தப்பும் வழி இருந்தால் போரிடும் உறுதி தளரும் என்று மேலிடத்தில் எண்ணினார்கள் எனவும் கூறப்படுவதுண்டு. தீப்பிடித்த விமானத்தில் எரிவதா, பரசூட் இன்றிக் குதிப்பதா என்ற தெரிவே அவர்களுக்கு எஞ்சியது. 1922 ஒக்டோபர் 20 ஆம் திகதி அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் ஹரோல்ட் ஹரிஸ் என்ற சோதனை விமானி, சிதறத் தொடங்கிய விமானத்திலிருந்து குதித்து உயிர் தப்பினார். அதன்பின் பரசூட்டால் உயிர் பிழைத்தவர்களுக்கெனக் ‘கம்பளிப்புழுக் கழகம்’ ஒன்று தோன்றியது. பரசூட் தயாரிப்பாளரான லெஸ்லி ஏர்வின் அவர்களுக்குப் பொன்னாலான சிறு புழுவொன்றைச் சின்னமாக வழங்கினார். அக்காலப் பரசூட் பட்டினால் ஆனது. பட்டைத் தருவது புழு.

இரண்டாம் உலகப் போரில் இத்தகைய சொற்கள் பெருகின. விமானம் காரணமின்றிப் பழுதடைந்தால் ‘கிறெம்லின்’ என்னும் குறும்புப் பேய்களின் வேலை என்று பிரித்தானிய விமானப்படையினர் சொல்லிக்கொண்டார்கள். அப்படையில் விமானியாக இருந்த எழுத்தாளர் ரோல்ட் டால், 1943 இல் வெளியான தம் முதற் சிறுவர் நூலை இப்பேய்களைப் பற்றியே எழுதினார். இன்று கணினி நின்றுவிட்டாலும் அதே பேயைத்தான் திட்டுகிறார்கள். ‘ஃபிளாக்’ என்பது கடுங்கண்டனம். ஜேர்மனியில் வாழும் எமது வாசகர்கள் இதன் மூலத்தை உடனே கண்டுகொள்வார்கள்: ஃபிளீகர், ஆப்வேர், கனோன் என்ற மூன்று ஜேர்மன் சொற்கள், பறப்பவன், தடுப்பு, பீரங்கி, குறுகிப் பிறந்தது இது. விமான எதிர்ப்புக் குண்டுகள் வானில் வெடித்துக் கரும்புகை முகில்களாக நிற்க, அவற்றின் ஊடாக வளையாமல் நேரே பறந்தால்தான் குண்டுகளைக் குறிவைத்துப் போடமுடியும். கண்டனம் என்ற பொருள் 1960களில் வந்தது. ‘பாராளுமன்றத்தில் அமைச்சருக்கு ஃபிளாக்’ என்று வாசிக்கும்போது, அந்தக் கரும்புகையுள் நேரே பறந்த பிள்ளைகளை எவரும் நினைப்பதில்லை.

பிள்ளைகள் என்று சொல்வது மிகையன்று. பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். பிரித்தானியக் குண்டுவீச்சு விமானப் பிரிவில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் கொல்லப்பட்டனர். காலையில் உணவு மேசையில் ஓர் ஆசனம் வெறுமையாக இருந்தால், அவன் இறந்துவிட்டான் என்று சொல்லமாட்டார்கள். ‘கோன் ஃபொர் ஏ பேர்ட்டன்’ என்பார்கள். பேர்ட்டன் என்பது புகழ்பெற்ற பியர் தயாரிக்கும் ஊர். ஒரு குவளை குடிக்கப் போய்விட்டான் என்ற மாதிரி. இல்லை, அது ஒரு தையற்கடையின் பெயர் என்போரும் உளர். எந்த விளக்கத்துக்கும் உறுதியான சான்று கிடையாது. சொல்லின் வேலை மட்டும் தெளிவானது: மறுநாள் இரவும் பறக்கவேண்டியவர்கள் சாவின் பெயரை மேசைக்குக் கொண்டுவராதிருத்தல். எமது செத்தவீடுகளில் இறந்தார் என்னாமல் ‘போயிட்டார்’, ‘மோசம் போனார்’ என்பதை இதனோடு ஒப்பிடலாம்.

‘ஓன் ஏ விங் அண்ட் ஏ பிரேயர்’, ஓர் இறக்கையையும் ஒரு பிரார்த்தனையையும் கொண்டு, என்பது 1943 இல் ஹரோல்ட் அடம்சன் எழுதி ஜிம்மி மக்கியூ இசையமைத்த பாடல் மூலம் பரவியது. குண்டுபட்டு நொண்டியபடி தளம் திரும்பும் விமானத்தைப் பற்றிய பாடல் அது. போதிய வளமின்றி நம்பிக்கையை மட்டும் வைத்து ஒரு காரியத்தை ஒப்பேற்றுவதற்கு இன்று இதைச் சொல்கிறார்கள்.

மேலே பறந்தவர்கள் மட்டுமா சொல் படைத்தார்கள்? கீழே பதுங்கியிருந்தவர்களும் படைத்தார்கள். ஜேர்மன் மொழியில் மின்னல் என்று பொருள்படும் ‘பிளிட்ஸ்’ என்ற சொல்லை இலண்டன் மக்கள் 1940–41 குண்டுவீச்சுக்குப் பெயராக்கினார்கள்; பிரித்தானியாவில் 40,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் அக்காலத்தில் மாண்டனர். இப்போது மலிவு விற்பனை விளம்பரத்துக்கும் ‘பிளிட்ஸ்’. 1944 ஜூன் 13 ஆம் திகதி முதல் ஆளில்லாத பறக்கும் குண்டுகள் இலண்டனில் விழத் தொடங்கின. அவற்றின் இரைச்சல் கேட்கும்வரை அச்சமில்லை. இரைச்சல் திடீரென நின்றால் குண்டு கீழே வருகிறது என்று பொருள். சுமார் 6,000 பேரைக் கொன்ற அந்த ஆயுதத்துக்கு மக்கள் இட்ட பெயர் ‘டூடில்பக்’, ஒரு பூச்சியின் பெயர்.

இது எமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்திலே குண்டுவீச்சு விமானத்தைப் ‘பொம்மர்’ என்றும், பெரும் இரைச்சலோடு தாழ வந்து குண்டு தள்ளிய கனத்த விமானத்தைச் ‘சகடை’ என்றும் சொன்னோம். கண்ணாற் பாராமலே, வருவது எது என்பதைச் சத்தத்தைக் கேட்டுச் சிறுவர்களும் சொன்னார்கள். பங்கருக்குள் ஓடுவதா, இன்னும் நேரம் இருக்கிறதா என்பதை அந்தப் பெயரே தீர்மானித்தது. சகடை என்பது வண்டியையும் சக்கரத்தையும் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். இலண்டன்காரர் பூச்சியைத் தேடிச் சென்றதுபோல எம்மவர் வண்டியைத் தேடிச் சென்றார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இச்சொற்கள் தெரியா. ‘டூடில்பக்’ அகராதியில் ஏறிவிட்டது. சகடையின் இந்தப் பொருளை எமது அகராதிகளிலும் ஏற்றிவைக்கவேண்டும்.

போருக்குப் பின்னர் பிறந்த தொடர்களுள் மிகவும் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவது ‘புஷ்ஷிங் த என்வலப்’. என்வலப் என்றவுடன் கடித உறை நினைவுக்கு வருவது இயல்பு. உறைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு விமானத்தின் வேகத்தைக் கிடையாகவும் அது தாங்கக்கூடிய பளுவை நிலைக்குத்தாகவும் வைத்து வரைபடம் வரைந்தால், பாதுகாப்பாகப் பறக்கக்கூடிய பரப்பைச் சுற்றி ஓர் எல்லைக்கோடு அமையும். கணிதத்திலிருந்து எடுத்து அக்கோட்டுக்கு இட்ட பெயரே என்வலப். கோட்டுக்கு அப்பால் என்ன நேரும் என்பதைக் கணக்கால் மட்டும் அறியமுடியாது. ஒருவர் பறந்து பார்க்கவேண்டும். 1946 செப்டெம்பர் 27 ஆம் திகதி இங்கிலாந்தில் ஜெப்ரி டி ஹவிலண்ட், தம் தந்தையாரின் நிறுவனம் கட்டிய விமானத்தில் ஒலியின் வேகத்தை நெருங்கியபோது அது காற்றிலேயே சிதறி அவர் இறந்தார். 1947 ஒக்டோபர் 14 ஆம் திகதி அமெரிக்காவின் சக் யேகர், குதிரையிலிருந்து விழுந்து விலா எலும்புகள் முறிந்திருந்ததை மேலதிகாரிகளுக்கு மறைத்து, ஒலியின் வேகத்தைக் கடந்தார். சோதனை விமானிகளிடையே வழங்கிய இத்தொடரை 1979 இல் டொம் வுல்ஃப் எழுதிய நூல் பொதுமக்களுக்குக் கொண்டுவந்தது. இப்போது ஆடை வடிவமைப்பாளரும் சமையற்காரரும் எல்லையைத் தள்ளுகிறார்கள்.

கதைகளை நம்பிவிடக்கூடாது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. ‘த ஹோல் நைன் யார்ட்ஸ்’, முழு ஒன்பது யார், என்றால் ‘முழுவதும்’ என்று பொருள். போர் விமானத்தின் துப்பாக்கிக் குண்டுப் பட்டி ஒன்பது யார் நீளமானது, முழுவதையும் எதிரிமேல் சுட்டுத் தீர்ப்பதே இதன் மூலம் என்று ஒரு கதை உலகெங்கும் உலவுகிறது. கேட்கக் கச்சிதமாக இருக்கிறது; ஆனால் பொய். விமானத்தில் துப்பாக்கி பூட்டப்படுவதற்கு முன்னரே, 1907 இல், அமெரிக்காவின் இந்தியானா மாநிலச் சிறு பத்திரிகையொன்றில் இத்தொடர் வந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 1912 இல் கென்ரக்கியில் அதையே ‘முழு ஆறு யார்’ என்றும் எழுதியிருக்கிறார்கள்.  எந்தப் பட்டியையும் அளந்து பிறந்ததன்று.

வானொலிப் பேச்சிலிருந்து வந்தவற்றுள் ‘ரொஜர்’ எளியது. ‘பெற்றுக்கொண்டேன்’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை அக்கால உச்சரிப்பு அட்டவணையில் ரொஜர் என்று சொன்னார்கள். 1956 இல் அட்டவணை மாறி அவ்வெழுத்து ரோமியோ ஆகியது. விடையாக மட்டும் ரொஜர் நிலைத்துவிட்டது.

‘மேடே’ என்ற சொல்லுக்கும் தொழிலாளர் தினத்துக்கும் தொடர்பில்லை. 1920களின் தொடக்கத்தில் இலண்டனின் குறோய்டன் விமான நிலையத்துக்கும் பாரிஸின் லு பூர்ஜே நிலையத்துக்கும் இடையிலேயே விமானங்கள் மிகுதியாகப் பறந்தன. ஆபத்திலிருக்கும் விமானி வானொலியில் எதைச் சொல்லவேண்டும் என்ற கேள்வி எழுந்தது. கப்பல்கள் தந்தியில் அனுப்பிய மூன்றெழுத்து அபாயக் குறியில் வரும் எழுத்தைத் தொலைபேசி ஒலியில் பிரித்தறிய முடியவில்லை. குறோய்டனின் மூத்த வானொலி அதிகாரி பிரெடரிக் மொக்போர்ட் 1923 இல் ஒரு சொல்லைத் தெரிவுசெய்தார். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் ஒருங்கே விளங்கவேண்டும் என்பதால் ‘எனக்கு உதவுங்கள்’ என்னும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியை ஆங்கில நாவுக்கு ஏற்ப அமைத்தார். பிரான்ஸில் வளரும் எமது பிள்ளைகள் இதனை எளிதிற் கண்டுகொள்வார்கள். 1927 இல் வாஷிங்டனில் நடந்த சர்வதேச மாநாடு இதனை எல்லா நாடுகளுக்கும் பொதுவாக்கியது.

அச்சொல்லை மூன்று முறை அடுத்தடுத்துச் சொல்லவேண்டும். இரைச்சலில் வேறொரு சொல்லாகக் கேட்டுவிடாதிருப்பதற்கும், பிறருடைய ஆபத்தைப் பற்றிப் பேசுவோரின் பேச்சோடு மயங்காதிருப்பதற்கும் அவ்விதி. கேட்ட கணமே அந்த அலைவரிசையில் இருக்கும் மற்றைய விமானிகள் தம் பேச்சை நிறுத்தி, உதவி கேட்டவனின் குரலுக்கு வழிவிடுகிறார்கள்.